குறுக்கெழுத்தில் குடை பரிசு பெற்றவர்

அனே, செருப்ப வெளியில விட வேணாம் மகள். இந்தத் தெருவில விட்டா போயிரும். கையோட எடுத்துக்கொண்டு வாங்க. ஓம், இரத்தினசிங்கத்திட வீடு இதுதான். தாஸிம் நானாட கடையில கேட்டீங்களா? அவர்தான் காட்டியிருப்பார்.

அவர் இப்ப இல்ல. இருங்க, இருங்க. அந்தக் கதிரையில வேணாம், ஊசி கிடக்கும். நான் தையல்காரி. பிறிஜெற் அன்ரி எண்டு கூப்பிடுங்க.

இல்ல, எனக்கு விளங்கேல்ல. பழைய பேப்பர் கட்டைப் புரட்டி, குறுக்கெழுத்துப் போட்டியில குடை பரிசு கிடைச்ச ஆளிட பேரைப் பிடிச்சு, ஜம்பட்டா தெரு எண்டு போட்டிருந்ததை வச்சுக்கொண்டு கொட்டாஞ்சேனை வரைக்கும் வந்திருக்கிறீங்களே, இதெல்லாம் கம்பஸ் லைப்ரரியிலயா படிப்பிக்கிறாங்க? முதலாம் வருசத்துப் பிள்ளைகளுக்கு? புத்தகத்த எப்பிடித் தேடுறது, ஆர் சொன்னது, எதில இருந்து எடுத்தது எண்டு கீழ எழுதுறது... அன்னபாக்கியம் மிஸ் தானே? அச்சில கிடக்கெண்டு நம்பாதேங்கோ, போய் உங்கட கண்ணால பாருங்கோ எண்டா சொன்னவ? அப்பிடியேவா சொன்னவ?

சிரிக்காம என்ன செய்ய மகள். குறை நினைக்காதீங்க.

அப்ப மிஸ்ஸுக்குச் சொல்லாமத்தான் வந்திருக்கிறீங்க. தன்ர மனுசன் இரத்தினசிங்கம் காணாமப் போன துக்கத்தில இருக்கிறா, உயிரோட இருக்கிறார் எண்டு நாங்க கண்டுபிடிச்சுக் குடுப்பம் எண்டு. பாவம் பிள்ளை. தேத்தண்ணி போடவா? வேணாமா? சரி, கேளுங்க.

பேங்க்கில குண்டு வெடிச்ச வருசம் மிஸ்ஸாக்கள் இருந்த பாமன்கடையில ஆமி வீடு வீடாச் சோதிச்சாங்க தானே. அண்டைக்குத்தான் சாறத்தோட இவரைக் கொண்டுபோனது. அதெல்லாம் உண்மை. அடிச்சதும் உண்மை, முதுகில தழும்பு கிடந்தது. ஆனா மூண்டு கிழமையில விட்டிட்டாங்க. விட்டதும் பஸ் ஏறினவர் பாமன்கடைக்குப் போகேல்ல, இங்க வந்தார். அதுக்கு முதலே பழக்கம்தான். கோட்டையில ஒரு ஷிப்பிங் கந்தோரில கிளார்க்கா இருந்தவர், சேட்டுத் தைக்க வந்து வந்து... விடுங்க. வீட்ட போனா என்ன நடந்தது, எப்பிடி விட்டாங்கள் எண்டு துருவித் துருவிக் கேப்பா, பதில் சொல்லேலாது எண்டார். சும்மா. இங்க வந்து இருக்க ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்த மனுசன். ஆமிக்காரன் அதக் கையில குடுத்திட்டான்.

அவ அலைஞ்சா, மகள். ஏறாத பொலிஸ் இல்ல. காம்ப் வாசலில நிண்டா, உங்கட ஆள் காட்டுக்குப் புலியளோட போயிருப்பான் எண்டு சிங்களத்தில நக்கலடிச்சு அனுப்புவாங்க. புதுக்கடைக் கோட்டில வழக்குப் போட்டா. தவணைக்குத் தவணை வெயிலுக்க நிண்டா. காலம்பற ரெண்டு பேருக்கு அரிசி போட்டு, அவர் வருவார் எண்டு ஒரு கோப்பையை மூடி வச்சிட்டுத்தான் வேலைக்குப் போவாவாம். பக்கத்து வீட்டு மனுசி ஆருக்கோ சொல்லி, அது சுத்தி இவரிட காதுக்கு வந்தது. கேட்டிட்டு என்ன கறியாம் எண்டு கேட்டார்.

பேப்பரிலயும் வந்தது. அவ இவரிட படத்தப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம். இந்தக் கதிரையிலதான் சாய்ஞ்சு கிடந்து பாத்தார். இந்தப் படத்தில எனக்குக் கன்னம் ஊதிக் கிடக்கு, வேற ஒண்டக் குடுத்திருக்கலாம் எண்டார். நானும் சிரிச்சன். பொய் சொல்லுவானேன்.

ஆனா பெருமை விடாது மகள். பேரை ஒளிச்சு வச்சிருந்தவர், குறுக்கெழுத்துக்கு மட்டும் சொந்தப் பேரில அனுப்பினார். சரியா நிரப்பினது நான், பேர் வேற ஒருத்தனுக்கோ எண்டு கேட்டார். குடை வந்தது. பேரும் வந்தது.

நீங்க பாத்த அதே பக்கம்தான். உங்கட லைப்ரரியில பேப்பரைக் கட்டி அடுக்கிறது ஆர்?

ஓம்.

அவவும் அதப் பாத்திட்டு வந்தவ. நீங்க இப்ப இருக்கிறீங்களே, அந்த வாங்கிலதான் இருந்தவ. சனிக்கிழமை மத்தியானம். சட்டை தைக்க வந்த மிஸ் எண்டு நினைச்சு உள்ளுக்கு விட்டன். இவர் அந்த மேசையில கணவாய்க் கறியும் சோறும் திண்டுகொண்டு இருந்தார். எழும்பினார், கை முழுக்கச் சோறு. நான் கத்தப் போறா, என்ர தலைமயிரப் பிடிக்கப் போறா எண்டு தையல் மெசினுக்குப் பின்னால போயிட்டன். அவ கத்தேல்ல. இருங்கோ, சாப்பிடுங்கோ எண்டா. மடியில பையை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டே இருந்தா. அவரால விழுங்கேலாமக் கிடக்கு. முடியுங்கோ எண்டா. கடைசிச் சோறு வரைக்கும் திண்ண வச்சா, மகள். நான் தண்ணி குடுக்கப் போக, கையைக் காட்டி நிப்பாட்டினா.

பிறகு சொன்னா, என்ர மனுசனைக் கொண்டு போனவங்கள், அவர் திரும்பி வரேல்ல, நீங்கள் ஆர் எண்டு. பொலிசில பேர் பதியாத ஆள் ஒண்டு இந்த வீட்டில இருக்கெண்டு சொல்ல எனக்கு ஒரு ரெலிபோன் கோல் காணும், உங்களைத் திரும்பவும் கொண்டு போவாங்கள், வெளியில உங்கட தலைக் கறுப்பு ஆற்றையாவது கண்ணில பட்டுதெண்டு கேள்விப்பட்டால் அந்தக் கோலை எடுப்பன் எண்டா. குரலை உயர்த்தவே இல்ல. கிளாஸில கதைக்கிற மாதிரி. வாசலில நிண்டு குடைய விரிக்கப் பாத்தா. கம்பி மாட்டுப்படேல்ல, விரிக்காமலே வெயிலுக்க போனா.

அடுத்த தவணைக்கும் புதுக்கடைக்குப் போனவ. படத்தோட நிண்டவ. ஓம், தெரிஞ்சுகொண்டுதான். ஏனெண்டா? யோசிச்சுப் பாருங்க. பிடிச்சுக்கொண்டு போன மனுசனுக்காக அழுறவளைக் கோயிலில நாலு பேர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவாங்க. கொட்டாஞ்சேனைத் தையல்காரியிட்ட போனவனிட பெண்சாதிய ஆர் திரும்பிப் பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா? உங்கட கிளாஸ் முழுக்க அவவில உயிரா இருக்கிறது எதுக்கு?

அதுக்குப் பிறகு இவர் வாசல் தாண்டேல்ல. அந்தத் திரைச்சீலைக்கு அங்கால இருப்பார், இரவில கூட யன்னலடிக்கு வரமாட்டார். காம்ப்பில மூண்டு கிழமை, இங்க மூண்டு வருசம். கண்ணாடி உடைஞ்சு எழுத்துத் தெரியேல்ல எண்டு அழுதார். பாமன்கடை வீட்டில பழைய கண்ணாடி ஒண்டு கிடக்கெண்டு, மிஸ்ஸிட்டக் கேக்க என்னை லைப்ரரிக்கு அனுப்பினார். அது சாமி அறையில என்ர மனுசன்ர படத்துக்கு முன்னால வச்சிருக்கு, எடுக்கேலாது எண்டு சொல்லிவிட்டா. எனக்கும் அலுத்துப் போச்சு மகள். நான் ஆசைப்பட்டது சேட்டும் சென்ட்டுமா வந்த மனுசன. திரைக்குப் பின்னால இருமுற கிழவன இல்ல. ஏசியிருக்கிறன். உன்ர பெண்சாதியிட்டப் போ எண்டு கதவத் திறந்து காட்டியுமிருக்கிறன். காலைப் பிடிச்சார்.

என்ன, எழும்பிறீங்க? மிஸ்ஸிட்ட என்னத்தச் சொல்லப் போறீங்க? இல்ல, அவர் வரமாட்டார். நான் தான் இல்ல எண்டு முதலே சொன்னனே. கிழமை ரெண்டாகுது. மாதம்பிட்டிச் சவக்காலையில தாட்டது.

நெஞ்சு நோ எண்டு காலம்பற விழுந்தார். பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போவம் எண்டன். வாசலில பொலிஸ் நிக்கும், அவவுக்குத் தெரிய வரும், முதல் அவவிட்ட உத்தரவு கேட்டுக்கொண்டு வா எண்டு கும்பிட்டார். அந்த நேரத்திலயும் அவவுக்குத்தான் பயம். உங்கட லைப்ரரிக்கு ஆட்டோ பிடிச்சு வந்தன். அவ உங்களுக்குப் படிப்பிச்சுக்கொண்டு நிண்டா. வெளியில கூப்பிட்டுக் காதுக்க சொன்னன். மிஸ், கொண்டு போகட்டா, ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க எண்டன்.

கிளாஸ் முடியட்டும் எண்டிட்டு உள்ளுக்குப் போயிட்டா.

புதன்கிழமை. பூப்போட்ட கவுனோட ஒரு தடிச்ச மனுசி கதவடியில நிண்டது ஞாபகம் இல்லையா? கதவுக் கண்ணாடிக்கு வெளியில நான்தான் கனநேரம் நிண்டனான். சத்தம் கேக்கேல்ல, கை அசையிறது மட்டும் தெரிஞ்சுது. போர்டில என்னவோ எழுதினா, நீங்க எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு எழுதினீங்க.

அண்டைக்கு என்ன மகள் படிப்பிச்சவ?