நம்ம ஆளுங்களுக்கான வீடியோ

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் மடியிலும் ஒரே விமானக் கம்பெனியின் பை. ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றபோது பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நம்ம டிசைன் வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போவுதாம். கேன்டீன்ல அதே பேச்சுதான்," என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.

"தெரியும். எறக்கை டிசைன் பண்றத அப்படியே வீடியோ எடுத்துக் குடுக்கச் சொன்னாரு மேனேஜர். யாருக்கு சார்னு கேட்டேன். நம்ம ஆளுங்களுக்குத்தான்னாரு."

"முடியாதுன்னு சொல்றதுதானே?"

"எதுக்கு? மூணு மணி நேரம் எடுத்துக் குடுத்துட்டேன். ஒண்ணு விடல."

"பைத்தியமாடி நீ?"

"நம்ம ஆளுங்களுக்குத்தானே, முழுக்கத் தமிழ்லயே பேசிட்டேன். இல்ல, வெளிநாட்டுக்காரனுக்குன்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம் இங்கிலீஷ."