ஜெரிக்கோ மேப்ரியும் கெமிஸ்ட்ரி வகுப்பும்

எங்கள் கட்டடத்து காபியை வாயில் வைக்க முடியாது. அதனால் ஃபுட்பால் பையன்கள் எல்லோரும் என் அறைக்குத்தான் வருவார்கள். வீட்டிலிருந்து நல்ல பொடி கொண்டுவந்து வடித்து வைப்பேன். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய பெக்கன் பிஸ்கட் இருக்கும். நூற்று முப்பது கிலோ எடையுள்ள பையன் என் சின்ன நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து பயந்து உட்காருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். என்னை அவர்கள் மிஸ் வெர்னா என்று கூப்பிடுவார்கள். சிலர் தங்கள் அம்மாவிடம் சொல்லாததையும் என்னிடம் சொல்வார்கள்.

நடக்காத வகுப்புகளுக்கு மார்க் போட்டது யார் என்று விசாரிக்கத்தான் பல்கலைக்கழகம் உங்களை வக்கீலாக வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் நேற்றே சொல்லிவிட்டேன். நீங்கள் நல்ல பெண், பொறுமையாகக் கேட்டீர்கள். அதனால்தான் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே படிக்க வரும் சாதாரணப் பிள்ளைக்கு ஒரு குறைந்தபட்ச மார்க் வேண்டும். ஃபுட்பால் அணிக்காக வருடத்துக்குச் சில பையன்களை அதற்குக் கீழே இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது. அந்தப் பையன்கள் வந்ததும் நான் சோதித்துப் பார்ப்பேன். எழுத்துக் கூட்ட வராதவன் யார், கணக்கில் குழம்புகிறவன் யார் என்று கண்டுபிடித்து, அவனுக்குக் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க ஆள், படித்துக்காட்ட ஆள் என்று ஏற்பாடு செய்வேன். கோர்ட்னி என்று ஒரு பையன் இருந்தான். ஓட்டலில் முன்னால் நிற்பவன் என்ன கேட்டானோ அதையே தனக்கும் கேட்பான், ஏனென்றால் பலகையில் இருப்பதை அவனால் படிக்க முடியாது. அவனுக்கு நான் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குத் தன் கைப்பட வாழ்த்து எழுதி அனுப்புகிறான். நான் மோசமான பெண் என்று யாராவது சொன்னால் அவன் அடிக்க வந்துவிடுவான்.

ஜெரிக்கோ மேப்ரி அந்தக் கமிட்டி வரை போகவே இல்லை. பள்ளியில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவன். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். அவன் அம்மா அர்லெட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். முன்வரிசையில் நின்று எதிராளியை நெஞ்சால் தடுத்து நிறுத்துகிற ஆள் அவன். அந்த உடம்புக்கு அத்தனை லேசான கால்களை நான் பார்த்ததில்லை. ஆறு பல்கலைக்கழகங்கள் அவனைத் துரத்தின. கோச் பிராட்டன் அவர்கள் வீட்டுக்கே போய் அர்லெட்டா சமைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அம்மாவும் மகனும் வளாகத்தைப் பார்க்க வந்தபோது கோச் அவர்களை நேராக என் அறைக்கு அழைத்துவந்தார். அர்லெட்டா நாற்காலியில் உட்காரவில்லை.

"பந்து எங்க வேணா ஆடலாங்க," என்றாள். "இவன் மாட்டு டாக்டராகணும். சின்ன வயசிலேர்ந்து அதே பேச்சுதான். அதுக்கு இங்க வழி இருக்கா, இல்லையா? எனக்கு அதுமட்டும் சொல்லுங்க."

"மிஸ் வெர்னா பாத்துக்குவாங்கம்மா. அவங்க சொன்னா சொன்னதுதான்," என்றார் கோச்.

நானும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன், அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மாட்டு டாக்டர் படிப்புக்கு முதல் வருடமே கெமிஸ்ட்ரி எடுக்க வேண்டும். அதன் ஆய்வகம் வாரத்தில் இரண்டு மதியம். பயிற்சியும் மதியம்தான். அவன் பாதிப் பயிற்சியை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக ஆய்வகத்துக்கு வருவான், மீதிப் பயிற்சிக்கு வேர்த்துக் கொட்டக் கொட்டப் போவான். கூட ஆடும் பையன்கள் கேலி செய்வார்கள்.

"டேய் மாட்டு டாக்டரே, என் முழங்காலையும் கொஞ்சம் பாருடா."

"மொதல்ல உனக்கு வால் இருக்கான்னு பாக்கணும்," என்பான் அவன்.

முதல் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். ஆனால் பல்கலைக்கழகத்தில் எல்லாம் போகப் போகக் கடினமாகும். போதுமான பாடங்களில் தேறாவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்தில் இறக்க முடியாது. அந்த வருடம் எங்கள் அணிக்கு அவனைத் தவிர அந்த இடத்தில் நிற்க ஆளில்லை. ஒரு நாள் நடைவழியில் கோச் என்னைப் பார்த்து, "அந்த லேப் எனக்குப் பெரிய தலைவலியா இருக்கு வெர்னா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்ன செய்யச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

எல்லாப் புதுப் பையன்களுக்கும் வைக்கிற சோதனைதான் என்று சொல்லி அவனைக் கூப்பிட்டேன். கட்டைகளை அடுக்கச் சொன்னேன், எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டேன். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. "இன்னும் இருக்கா மிஸ் வெர்னா?" என்று கேட்டுக்கொண்டே செய்தான். என் அறையில் உட்கார்ந்து அந்தச் சோதனையைச் செய்தவர்களில் அவனைப் போல் யாரும் செய்ததில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி பால் அதிகம் விட்டு காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"உனக்குப் படிப்பு வராதுன்னு இல்ல கண்ணு. உன் மூளை எழுத்த உள்ள வாங்கிக்க நேரம் எடுக்குது. பொறப்புலேர்ந்தே அப்படித்தான். இது உன் தப்பு இல்ல."

அவன் முதலில் சிரித்தான். "மிஸ் வெர்னா, நான் ஸ்கூல்ல எல்லாத்துலயும் ஏ."

"சின்ன ஊர் ஸ்கூலுப்பா. பந்து ஆடுற பையனுக்கு அங்க எப்படி மார்க் போடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்குத் தெரியும். ஊரில் அவனோடு ஆடியவர்களில் தன் பெயரையே தப்பாக எழுதுகிறவன் இங்கிலீஷில் பி வாங்கியதை அவன் பார்த்திருக்கிறான். இங்கே வந்தபிறகும் சுற்றிலும் அப்படிப்பட்டவர்கள்தான். இந்த உடம்போடு பிறந்த பையனுக்குக் கிடைத்த மார்க்கில் எது அவனுடையது, எது பள்ளியின் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்காகப் போட்டது என்று அவனாலேயே சொல்ல முடியாது. ஒவ்வொரு வாத்தியாராக நினைத்துப் பார்க்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "அப்ப கெமிஸ்ட்ரி டெஸ்ட்ல நான் வாங்கினது?" என்று கேட்டான். நான் அவன் தோளைத் தட்டினேன்.

"அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றேன்.

அன்று சாயங்காலமே அர்லெட்டாவுக்குப் போன் செய்தேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பெத்தவ நான், இத்தனை வருஷமா இதைக் கவனிக்காமலே விட்டுட்டேனேங்க," என்றாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். நிறைய பெற்றோர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கடைசியில் அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

கெமிஸ்ட்ரியை அவனே விட்டான். யாரும் விடச் சொல்லவில்லை. பொழுதுபோக்கு நிர்வாகம் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அணியில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள், எல்லா வகுப்பும் காலையோடு முடிந்துவிடும். அதில் சேர்ந்தான். படித்துக்காட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். பரீட்சைக்கு ஒன்றரை மடங்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். கேலி செய்த பையன்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். அவன் இப்போது அவர்களில் ஒருவன்.

இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் என் அறையில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தான். முன்பெல்லாம் அப்படிச் செய்ய மாட்டான். பெரிய வார்த்தை வந்தால் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதைக் கவனித்தபோது, ஒருவேளை நான் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. சோதனை சில சமயம் ஏமாற்றும். அனுபவமுள்ளவர்களுக்கு அது தெரியும்.

அந்த வருடம் நாங்கள் மண்டல சாம்பியன். அந்த வெற்றியில் வந்த பணத்தில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் படிப்புக்கூடத்தைக் கட்டினார்கள். எத்தனையோ பையன்கள் இங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். அதற்கடுத்த வருடம் அவன் முழங்கால் போனது, இரண்டு தடவை அறுவை சிகிச்சை செய்தும் சரியாகவில்லை. ஆட்டத்துக்காக அவனுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் புதுப்பிக்கவில்லை. மீதிப் படிப்பைச் சொந்தச் செலவில் முடிக்கலாமே என்று சொன்னேன். "படிப்பு நமக்கு எங்க வருது மிஸ் வெர்னா," என்று சிரித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அவனுக்குப் பிறகு வேறு பையன்களிடமும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒருவன் பொறியியல் கேட்டான், ஒருவன் நர்ஸிங் கேட்டான். எத்தனை பேர் என்று எண்ணி வைக்கவில்லை. முதல் தடவைக்குப் பிறகு அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

போன மாதம் உங்களிடமிருந்து அழைப்பு வந்ததும் நான் ஜெரிக்கோவைப் பார்க்கப் போனேன். நீங்கள் அவனிடம் போவதற்கு முன் நான் போய்விட வேண்டும் என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லத்தான் போனேன். கோழி அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறான், உயிருள்ள கோழிகளைக் காலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டுகிற வேலை. விரல்கள் வீங்கியிருந்தன. அர்லெட்டா இறந்துவிட்டாள் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டான். மகளைக் கூப்பிட்டு, "இமானி, இவங்கதான் மிஸ் வெர்னா. அப்பாவுக்கு அவ்ளோ பண்ணாங்க," என்றான். அவளுக்கு ஆறு வயது. கையில் ஒரு கதைப் புத்தகம். அதை மூடாமல் அவன் முழங்காலில் சாய்ந்து நின்றாள்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்குச் சோதனையில் நீதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தாய், உனக்கு எந்தக் குறையும் இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா? படிப்பு வராதவங்களச் சேத்துட்டாங்கன்னு பேப்பர்லயெல்லாம் வந்துச்சே. இப்ப நாங்கள்லாம் புத்திசாலின்னு காட்டணுமாக்கும்."

"யாரும் அனுப்பல ஜெரிக்கோ. அந்த ஏ எல்லாம் நீயே வாங்கினது."

சிரிப்பு நின்றது. அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"நெசமாவா மிஸ் வெர்னா?" என்றான். "நெசமா இருந்தா, எங்கம்மா தன்னாலதான் எல்லாம்னு நெனச்சுக்கிட்டே செத்தாங்களே. நான் நாளைக்குக் காலைல எந்திரிச்சு எப்படி அந்த ஆலைக்குப் போறது? அவசரப்பட வேணாம். தெரியாமத்தான் கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாவா?"

 அந்தப் பெரிய உடம்பு நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அங்கே கோச் இல்லை, சனிக்கிழமை ஆட்டம் இல்லை, எனக்கு எந்த லாபமும் இல்லை. அதனால்தான் அடுத்து நான் சொன்னதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

"இல்ல கண்ணு," என்றேன். "வயசாயிடுச்சில்ல, யார் யாரையோ போட்டுக் குழப்பிக்கிறேன். அது வேற பையன். உனக்கு அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

அவன் நீளமாக மூச்சு விட்டான். அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. மகள் தலையைத் தடவிக்கொண்டே, "இவளும் என்ன மாதிரின்னுதான் தோணுது," என்றான். "டீச்சர் என்னமோ நல்லாப் படிக்கிறான்னு சொல்றாங்க. என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. ரொம்ப ஆசைப்படாதேன்னு நான் இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

சின்ன வயதிலேயே கவனிப்பது நல்லதுதான் என்றேன்.

இமானி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். விளையாடப் போகத்தான் வைத்திருப்பாள். ஆறு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியாது.