இரண்டு விரல் கீழே

ஸ்கேன் அறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும். அதனால் யார் வந்தாலும் முதலில் போர்வை கொடுப்பேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் உங்களில் யாராவது என்னிடம் படம் எடுக்க வந்திருந்தால் நினைவிருக்கும்.

தாமரை கிள்ளானில் பாலர்பள்ளி வேன் ஓட்டுகிறவர். முப்பத்தெட்டு வயது. மேரு சாலையில் ஒரு லோரி வேனைப் பின்னால் இடித்த மறுநாள் எக்ஸ்ரே எடுக்க வந்தார். தலை வலப்பக்கம் சாய்ந்து, முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. நேராக்க முடியவில்லை. படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவதன்மேல் சுழன்று சிக்கிக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு அபூர்வமாக வருவது. உடனே கண்டுபிடித்தால், எடை கட்டித் தலையை மெல்ல இழுத்து, சில வாரம் கழுத்துப்பட்டை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தாமரையைப் பார்த்த டாக்டர் சரணிடம் சொன்னேன். அவருக்கு என் மகன் வயதுதான். தாதிகள் முன்னாலேயே சிரித்தார்.

“அங்கிள், அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது. இது வெறும் சதைப்பிடிப்பு. நீங்க படத்த மட்டும் எடுங்க லா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். நான் சொன்னது எத்தனை முறை அவர்கள் கண்டுபிடித்ததாக ஆகியிருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தாமரை திரும்பி வந்தார். கழுத்து அப்படியே இருந்தது. இந்த முறை டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதியிருந்தார். நான் சொன்னது அவர் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். படம் அதைக் காட்டிவிட்டால் கண்டுபிடித்தவர் அவர்தான்.

“அண்ணே, இதுலயாச்சும் தெரியுமா? வண்டி ஓட்டாம வீட்டுல கெடக்க முடியலண்ணே,” என்றார் தாமரை.

“தெரியும்மா. ஆடாம படுங்க.”

எந்தப் பகுதியை எடுப்பது என்று திரையில் ஒரு கட்டம் போட வேண்டும். காதுக்கு மேலிருந்து தோள்வரை போடுவது வழக்கம். டாக்டரின் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. நான் கட்டத்தின் மேல்கோட்டைத் திரையில் இரண்டு விரல் அளவு கீழே இறக்கினேன். முதல் இரண்டு எலும்பும் வெளியே போய்விட்டன.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ‘எடுத்த பகுதியில் குறையில்லை’ என்று படம் படிக்கும் நிபுணரின் அறிக்கை வந்தது. டாக்டர் சரண் கடைசிச் சொல்லை மட்டும் படித்தார் போலிருக்கிறது. கழுத்தைத் திருப்பிப் பழக்கும் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்.

அவர் படத்தைத் திறந்து பார்ப்பார், மேல் எலும்பு எங்கே என்று என்னிடம் வந்து கேட்பார் என்றுதான் இருந்தேன். கேட்டிருந்தால் அரை மணியில் மறுபடி எடுத்திருப்பேன். ஆறு நாள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிகிச்சை அறை எங்கள் மாடியில்தான். தாமரை மூன்று முறை என் கதவைத் தாண்டி நடந்து போனார். எனக்குக் கையும் ஆட்டினார். மூன்றாவது முறை தள்ளுகட்டிலில் திரும்பி வந்தார். இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை.

கோட்டை இறக்கியது என் கைதான். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் எடுத்தவரையில் அந்தப் படத்தில் ஒரு மங்கல் கிடையாது, போட்டுப் பாருங்கள். அன்று அறை வழக்கத்தைவிடக் குளிர். தாமரைக்கு இரண்டு போர்வை கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.