நாவலடிக்குளத்துப் பலகை

இறகில் கட்டிய பூச்சியை விரால் கடிக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை, ரீச்சர். தவளை போட்டால் கடிக்கும், மண்புழு போட்டால் கடிக்கும். கோழி இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியை, அதுவும் தண்ணீருக்கு மேலே மிதக்கிறதை, விரால் பாய்ந்து விழுங்கியதை ஆடி மாதம் என் கண்ணாலே கண்டேன்.

எங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை யாருடைய உதவியும் இல்லாமல் எழுதி வரவேண்டும் என்று வகுப்பில் சொன்னீர்கள். சுரேகா தன்னுடைய மாடு கன்று போட்டதை எழுதப்போகிறாளாம். நான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்துங்கள். நடந்ததில் திருத்த ஒன்றும் இல்லை.

தம்பி சுகிர்தனை நீங்கள் உயிரோடு ஒரு தரம்தான் கண்டீர்கள். நோர்வேயில் இருந்து வந்தவர். நாலு வயதில் போய் முப்பத்தெட்டு வயதில் திரும்பியவர். தமிழ் கதைப்பார், சின்னப்பிள்ளை கதைக்கிற மாதிரி. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவருடைய நாட்டில் மலையில் பனி கரைந்து ஓடுகிற ஆறுகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். கோடையில் ஆற்றுக்குள் இடுப்பளவில் நின்று, இறகுப்பூச்சி கட்டிய நூலை முதுகுக்குப் பின்னாலே எறிந்து, பிறகு முன்னாலே எறிந்து பிடிப்பாராம். பிடித்ததைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்.

"பிடிச்சிட்டு ஏன் தம்பி விடுறியள்? நல்ல மூண்டு கிலோ விரால். குழம்பு வைச்சால் நாலு வீட்டுக்குக் காணும்."

"அது இருக்கட்டும் மாமா. அது ஏமாறுற அந்த ஒரு செக்கன் இருக்கே, அது எனக்குப் போதும்."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அவருடைய தகப்பன் கதிர்காமநாதன் ஐயாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிறக்க முதலே அவர் குடும்பத்தோடு நோர்வேக்குப் போய்விட்டார். குளம் திருத்திக் காணி கொடுத்த காலத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். எனக்கு இரண்டு ஏக்கர். வாய்க்காலில் முதல் தண்ணீர் ஏறுகிற இடம். ஒரு நாள் அவர் கடதாசி ஒன்று கொண்டுவந்து, "வீரபாகு, வாய்க்கால் தண்ணிக்கு மனுக் குடுக்கிறம். உன்ரை விரலையும் வை" என்றார். வைத்தேன். இரண்டு போகம் கழித்து அந்த இரண்டு ஏக்கரிலும் நான் அவருக்குக் கூலிக்கு நாற்று நட்டேன். பிழை எங்கே நடந்தது என்று கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. கடதாசியின் பிரதி என்னிடம் இருந்தது. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். அதுதான் என்னுடைய காணி உறுதிப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஐம்பத்தேழு வயதில் உங்களுடைய வகுப்புக்கு வந்தேன். பொதுநோக்கு மண்டபத்தில், சின்னப்பிள்ளைகளின் வாங்கிலே முழங்கால் மடங்காமல் இருந்து அ எழுதினேன். முதல் முதலாக முழுதாக வாசித்தது எது என்று கேட்டீர்கள். பஸ்ஸின் பெயர் என்று சொன்னேன். அது பொய். அந்தக் கடதாசிதான். தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. என்னுடைய இரண்டு ஏக்கரையும் மனமொத்து விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

இனிச் சுகிர்தன் வந்த நாள். சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். தோளில் தூண்டில் பெட்டி, கையில் ஒட்டின கடிதம்.

"அப்பா மாசியிலை செத்துப்போனார் மாமா. உங்கடை கையிலை இதைக் குடுக்கச் சொன்னவர். நானே வாசிச்சுக் காட்டத்தான் விருப்பம். பிரச்சினை என்னண்டால்," என்று சிரித்தார், "எனக்கு வாசிக்கத் தெரியாது."

"தாங்கோ. எனக்குத் தெரியும்."

அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை உங்களுக்குச் சொல்லவேண்டும். என்னுடைய சீவியத்தில் ஆஸ்பத்திரித் துண்டு, கச்சேரியில் இருந்து வந்த அரசாங்கக் கடிதம், பஸ் பலகை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு ஆள் ஆளாய்ப் போய், "தம்பி, இதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டவன் நான். முதல் தரமாக ஒருவர் என்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடிதத்தை மனதுக்குள் வாசித்தேன். "வீரபாகு, இதை யாரையாவது கொண்டு வாசித்துக் கேள். அன்றைக்கு நீ விரல் வைத்தது தண்ணீர் மனு இல்லை. உன்னை ஏமாற்றினேன். மகனுக்கு இது தெரியாது. அவனுக்குச் சொல்ல எனக்கு முகம் இல்லை, நீயே சொல். காணியை உன் பெயருக்கு எழுதித் தருவான். நல்ல பிள்ளை."

"என்ன எழுதியிருக்கிறார் மாமா?"

"சுகம் விசாரிச்சிருக்கிறார். குளத்திலை விரால் பிடிச்சதெல்லாம் எழுதிக் கிடக்கு. உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டாம்."

அவருடைய கண் கலங்கியது. "ஓம், சாகேக்கையும் விரால் கதைதான் கதைச்சவர்" என்றார்.

நான் ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்கும். என்னுடைய கையைப் பிடித்திருக்கும். அடுத்த கிழமையே காணி என்னுடைய பெயருக்கு வந்திருக்கும். ஊர் முழுக்கக் கதிர்காமநாதன் ஐயா பெரிய மனுசன் என்று கதைத்திருக்கும். நானும் நன்றி சொல்லியிருக்கவேண்டும். காணி போன கோபம்தான் என்னை உங்களுடைய வாங்கில் கொண்டுவந்து இருத்தியது. அதை ஒரு ஒற்றைக் கடிதத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க என்னால் முடியவில்லை. இது நியாயமான கதைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவரோடு குளத்துக்குப் போனேன். போகிற வழியில் கண்டதையெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்வார். விசுவமடுச் சந்தியில் றம்சீனின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் 'வெற்றிலை துப்பவேண்டாம்' என்று எழுதியிருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். அதை அவர் கேட்டபோது, "வெளிநாட்டு ஆக்களுக்குப் பிளேன்ரீ சும்மா எண்டு கிடக்கு" என்று வாசித்தேன். தம்பி போய் அப்படியே கேட்டார்.

"ஆர் சொன்னது?" என்றான் றம்சீன்.

"மாமாதான் வாசிச்சவர்."

றம்சீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, நீங்க வாசிக்கப் படிச்சது என்ட கடையை மூடுறதுக்கா? சரி, குடிங்க தம்பி. அண்ணன்ட படிப்புக்காக இண்டைக்குச் சும்மா."

"எழுத்து மாறிப்போச்சு" என்று நானும் சிரித்தேன். தம்பிக்கும் சிரிப்பு. அவர் என்னை நம்பிப் போய்க் கேட்ட அந்த ஒரு செக்கன் எனக்கு நெடுநேரம் இனித்தது. அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை. மீனை ஏன் திரும்ப விடுகிறார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அட்டை கடிக்கும் என்று தம்பி நெஞ்சுவரை வருகிற ஒரு றப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். இரண்டாம் நாள் முழங்காலளவு தண்ணீரில் வழுக்கி விழுந்தார். காற்சட்டைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அந்த ஆழத்திலேயே எழும்ப முடியாமல் ஆமை மாதிரிக் கிடந்தார். நான் பட்டியில் பிடித்துத் தூக்கினேன். "எங்கடை ஆத்திலை இப்பிடித்தான் மாமா ஆக்கள் சாகிறது" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அதை நான் கேட்டுக்கொண்டேன்.

குளத்தின் தெற்குப் பக்கத்துப் பலகை உங்களுக்குத் தெரியும். றோட்டு வேலைக்கு மெசின் வைத்து மண் அள்ளிய கிடங்கு அங்கே இருக்கிறது. தண்ணீர் நின்றால் கரை எது கிடங்கு எது என்று தெரியாது. போன வருசம் இரண்டு எருமை போனது. மீன்பிடிச் சங்கம் பலகை நட்டது. 'கவனம். இவ்விடத்தில் ஆழமான கிடங்கு உண்டு. தண்ணீரில் இறங்கவேண்டாம்.' சங்கத் தலைவர் தயாபரன் கடதாசியில் எழுதித் தர, பெயின்ற் அடித்து எழுதியது நான்தான். அப்போது நான் வகுப்புக்கு வந்து மூன்று மாதம்.

ஆட்கள் இறங்காத இடம் என்றபடியால் விரால் அங்கே பெருத்துக் கிடந்தது. வியாழக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும், ஒன்று வாலால் அடித்த சத்தம் கேட்டுத் தம்பி அந்தப் பக்கம் போனார். பலகைக்குக் கிட்ட நின்று திரும்பிப் பார்த்தார்.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு மாமா?"

நான் பலகையைப் பார்த்தேன். என்னுடைய கையெழுத்து. ழகரத்தின் சுழியில் பெயின்ற் கொஞ்சம் வழிந்திருந்தது. நிதானமாக ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன், மனதுக்குள். பிறகு சொன்னேன்.

"இஞ்சை வலை போடக்கூடாதாம். தூண்டில் போடலாமாம்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. பிறகு றம்சீன்ரை பிளேன்ரீ மாதிரி வந்திடும்."

"இல்லைத் தம்பி. இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச எழுத்து."

அவர் இறங்கினார். ஏழு அடி போனார். எட்டாவது அடியில் தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு முகம் ஒரு தரம் மேலே வந்தது. "மாமா" என்றார். இரண்டாம் தரம் வந்தபோதும் "மாமா" என்றார், அது கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. மீன் கோலுகிற அவருடைய வலைக்கரண்டி என்னுடைய கையில் இருந்தது. இழுக்க இழுக்க நீளுகிற பிடி. நான் அதை நீட்டவில்லை. எனக்கு நீந்தவும் தெரியும். தண்ணீர் அடங்கி, இறகுப்பூச்சி தன்பாட்டில் கரைக்கு வரும்வரை நின்றேன். அதை எடுத்துப் பெட்டியில் அதன் இடத்தில் குத்திவைத்தேன். பிறகு ஊருக்கு ஓடிக் கத்தினேன். அந்தக் கத்தல் நடிப்பில்லை. ஒரு ஆள் செத்தால் கத்தத்தானே வேண்டும்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டார், தூண்டில் போடலாம் என்று நான் வாசித்துச் சொன்னேன் என்று பொலிசுக்குச் சொன்னேன். அதில் பொய் இல்லை. பிளேன்ரீக் கதையை றம்சீன் அழுதழுது சொன்னான். "பலகையை அவர் எழுதினவர்தான் ஐயா, ஆனால் அது பாத்துப் படம் கீறினமாதிரி" என்றார் தயாபரன். நீங்களும் வந்து, "வீரபாகு ஐயா இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறவர், அவரிலை பிழை சொல்லாதேங்கோ" என்று எனக்காக அழுதீர்கள். விபத்து என்று எழுதினார்கள். தம்பியின் மனைவி லக்சிகா நோர்வேயில் இருந்து வந்து, என்னுடைய இரண்டு கையையும் பிடித்து, "வாசிக்கத் தெரியாத மனுசன், உங்களை நோகிறதில்லை" என்றா. நல்ல பிள்ளை. அந்த இடத்தில் மூன்று பாசையிலும் புதுப் பலகை போடுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனா. அதை எழுத வவுனியாவில் இருந்து ஆள் வருகிறதாம். என்னைக் கேட்கவில்லை.

இப்போது தர்மபுரத்துச் சந்தைக்குப் போனாலும் என்னைப் பார்த்து இரங்குகிறார்கள். பஸ்ஸுக்குள் ஒரு பொடிச்சி எழும்பி வந்து, கேட்காமலே, "இது கிளிநொச்சி போற பஸ் அப்பு" என்று சொன்னாள். பலகை என்னுடைய கண்ணுக்கு முன்னாலே இருந்தது, ரீச்சர். பரந்தன் வழி என்றும் அதில் போட்டிருந்தது.

மனச்சாட்சி உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. கதிர்காமநாதன் ஐயாவின் கடிதத்தை இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டையும் பொலிசில் கொடுப்பதென்றால் கொடுங்கள். கொலை என்று எழுதினால் நான் மறுத்துக் கதைக்கமாட்டேன், விரல் அடையாளம் இல்லாமல் கையெழுத்தே வைப்பேன். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பலகையை நான் பிழையாக வாசித்தேன் என்று மட்டும் இனி ஒருவரையும் சொல்லவிடாதேயுங்கள்.