ஒத்துக்காது

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்தால் செருப்பை மாற்றுவார்கள். மிஞ்சினால் தெருமுனை டாக்டரிடம் போவார்கள். என் மனைவி விமானம் ஏறினாள்.

விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரத்தை நறுக்கிவிடலாம் என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார். "இவர் கை எனக்கு ஒத்துக்காது" என்றாள், அவர் முகத்துக்கு நேராகவே. அவளுக்கு ஒத்துக்காதவை ஏராளம். மின்விசிறிக் காற்று, என் அக்கா, நான் போடும் காபி. என் வாயையும் அவளே வைத்திருந்தாள். விருந்துகளில் என்னைக் கேட்ட கேள்விக்கு அவள்தான் பதில் சொல்வாள். "அவரை விடுங்க, அவருக்குப் பேசவே வராது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெளிநாட்டு மருத்துவமனையைப் பிடித்துக் கொடுத்தவர் அவள் அண்ணன். "அங்க பூப் பறிக்கிற மாதிரி எடுத்துடுவாங்க மாப்பிள்ளை." அந்த நாட்டு மொழி நான் கல்லூரியில் படித்தது. அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. "தண்ணி கேளுங்க. பாத்ரூம் எங்கன்னு கேளுங்க." கேட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

விரலில் சீழ் வைத்திருந்தது. வெட்டுவதற்கு முன் கிருமிக்கு ஓர் ஊசி போட வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். மருந்தின் பெயரைச் சொல்லி, இவருக்குச் சேருமா என்று கேட்டார். அவளிடம் கேட்டேன்.

"ஐயோ, அது எனக்கு ஒத்துக்காது. சொல்லுங்க."

"ஊசி என்றாலே பிடிக்காதாம்" என்று அவர் மொழியில் சொன்னேன். யாருக்குத்தான் பிடிக்கும் என்று டாக்டர் சிரித்தார். தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டதென்று அவளும் சிரித்தாள்.

மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்றுதான் அவள் அண்ணன் இன்றும் நினைக்கிறார். "உங்க மேல தப்பில்ல மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் அதே வார்த்தையத்தானே சொல்லுவா" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நல்ல மனிதர், யோசிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. கல்யாணமான புதிதில் அதே மருந்தின் ஒரு மாத்திரைக்கு அவள் முகம் வீங்கி மூச்சு திணறியது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்து வந்தவள் ஊரெல்லாம் சொன்னது இதைத்தான்: "பதட்டத்துல இவர் ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு மாட்டிக்கிட்டு வந்தாரு."

அந்த ஊசி மருந்து ஏறியது. டாக்டர் விரல்மேல் குனிந்திருந்தார். நடுவில் பச்சைத் திரை. தலைமாட்டில் நானும் ஒரு நர்ஸும். மொழிக்காகத்தான் என்னை உள்ளே விட்டிருந்தார்கள்.

"என்னங்க, தொண்டை அடைக்குது. சொல்லுங்க."

என்ன சொல்கிறார் என்று நர்ஸ் கேட்டாள்.

"குளிர்கிறதாம். போர்வை கேட்கிறாள்."

நர்ஸ் ஓடிப்போய் எடுத்து வந்து, கழுத்துவரை இதமாக இழுத்துப் போர்த்திவிட்டாள். நெஞ்சில் தடித்துக்கொண்டிருந்த சிவப்பு மறைந்தது.

நான் சொன்னது என் மனைவிக்குப் புரியவில்லை. போர்வை வந்ததும் புரிந்தது. என்னையே பார்த்தாள். அதற்குமேல் எதையும் சொல்லச் சொல்லவில்லை.