புரோசினோனே கிடைத்த வீடு

பெயர்: சூசைதாஸ் செல்வரட்ணம். வயது: 57. தொழில்: பலசரக்குக் கடை உரிமையாளர். வதிவிடம்: டோஸ்ட்ருப், டென்மார்க். திகதி: 2024 யூன் 11, காலை 10.20.

அனுமதியில்லாமல் சூதாட்டம் நடத்தியதாக என்மேல் குற்றச்சாட்டு என்றும், நான் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றும் பொலிசார் சொன்னார்கள். சொல்கிறேன் என்றேன்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருநாளுக்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். முன்பு ஒவ்வொரு வருடமும் அதே மூன்று வீட்டுப் பெண்கள்தான் சமைத்தார்கள். 2021இல் அவர்களில் ஒருவரான என் மனைவி மாக்கிரட் கடைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால், "இனி ஆர் சமைக்கிறதெண்டு நீங்களே பாருங்கோ" என்றார். அதன் பின்னர் நான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். டென்மார்க் உதைபந்தாட்டத் தொடரில் பன்னிரண்டு அணிகள்தான், காணாது. இங்கிலாந்தில் இருபது உண்டு, ஆனால் எங்கடை ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஏற்கனவே ஓர் அணி, சண்டை வரும். இத்தாலியின் சீரி ஆ தொடரில் இருபது, கடைசி மூன்றும் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். வீட்டுக்கு ஓர் அணி சீட்டுக் குலுக்கி எடுப்போம், கடைப் பலகையில் எழுதுவேன், இறங்கும் மூன்று வீடும் சமைக்க வேண்டும். வெல்கிறவருக்கு ஒன்றும் கிடையாது. ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க வருகிறவர்கள் மீனும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அதை மறைக்கவில்லை, நான் வியாபாரி.

இந்தப் பருவம் எனக்கு சலெர்னித்தானா, கடைசி இடம். அடுத்தது சசுவோலோ. மூன்றாவது யார் என்பது மே 26, கடைசி நாள் வரை இழுபட்டது. அன்று புரோசினோனே தோற்றது, அதே நேரம் எம்போலி மேலதிக நிமிடங்களில் ரோமாவுக்குக் கோல் அடித்துத் தப்பியது, புரோசினோனே இறங்கியது.

அடுத்த நாள் அந்தச் சீட்டு எடுத்தவர் கடைக்கு வந்து, "அண்ணை, ஓகஸ்டிலை நாங்கள் மயோர்க்கா போறம். திரும்பக் குலுக்குங்கோ" என்றார்.

"டிக்கெட்டை மாத்துங்கோ தம்பி. போன வருசத் திருநாளிலை ஆட்டுக்கறி மூண்டுதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனீங்கள்" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அதன் பின்னர், பருவம் முடிந்ததால், நான் பலகையைத் துடைத்தேன்.

இன்று எனக்குக் கடைப் பலகையின் படம் ஒன்று காட்டப்பட்டது. பத்தொன்பது வீட்டுப் பெயர் தெரிகிறது. புரோசினோனே வரியை மட்டும் ஒரு பெருவிரல் மறைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டார்கள். சொல்ல மறுத்தேன்.

குற்றத்தை ஏற்றுத் தண்டம் கட்டினால் இன்றே முடியும், இல்லாவிட்டால் நீதிமன்றம் என்றார்கள். தோற்றால் இருபத்திரண்டு வருடக் கடைக்கே ஆபத்து என்று என் வழக்கறிஞரும் சொன்னார். நான் ஏற்றால் இருபது வீடும் சூதாடிகள் என்றாகிவிடும். நீதிமன்றம் போகிறேன்.

புரோசினோனே வீட்டுக்காரர் ஓகஸ்ட் 15 காலை ஆறு மணிக்கு வெங்காயம் வெட்ட வர வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் சுஜாந்தினி முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார். வெங்காய வரி விடுபட்டிருந்தது. வழக்குக்கு அது தேவையில்லை என்றார்கள். தேவை என்றேன். அதைச் சேர்த்த பின்னரே, எல்லாம் நான் சொன்னபடி உண்மையாக இருக்கக் கண்டு, கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) சூ. செல்வரட்ணம்