வாத்தியார் அடித்த வரி

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். மலைத்தோட்டங்களுக்கு நடுவே ரிங்லெட் கடைத்தெருவில் மரவள்ளிக்கிழங்குக்காகக் கால் கடுக்க வரிசையில் நின்றேன். முன்னால் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு இளவயசுக் கிராணி. ரேடியோவுக்குச் செய்தி எழுத, வாசிக்க ஜப்பான்காரன் நடத்தும் வகுப்புக்குப் போகிறவராம். அவருக்கும் முன்னால் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஜப்பான்காரன் போடுற சயாம் ரயில்பாதை வேலையில இருந்து தப்பி வந்தவனை விசாரிச்சு எழுதுனேன்க்கா. ‘காய்ச்சல்ல பாதிப் பேர் செத்துட்டாங்க’ங்கிற வரிய வாத்தியார் அடிச்சிட்டாரு.”

“அப்புறம்?”

“‘எல்லாரும் சுகம், வயிறாரச் சோறு’ன்னு அவரே எழுதிக் குடுத்தாரு. ரேடியோவுல வாசிச்சது நான்தான்லா.”

வரிசை ஓரடி நகர்ந்தது. அவள் நகரவில்லை.

“அது உன் குரலா தம்பி? அதைக் கேட்டுட்டுத்தான் என் மகன் சயாம் வேலைக்குப் பேர் குடுத்துட்டுப் போனான்.”